உரைக் கோப்பும் வெப் ரிக்வெஸ்ட்டும்: ஓப்பன் சோர்ஸ் கோடில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஃபைலைத் திறந்து படிப்பது, ஒரு யூஆர்எல்லைக் கூப்பிட்டு வருவதை வாங்கிக்கொள்வது, இரண்டும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற வேலைகள். ஆனால் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் வந்து விழும் இஷ்யூக்களைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப இந்த இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கிறோம். நாம் எழுதும் கோட், நாம் பார்த்தே இராத யாரோ ஒருவருடைய கணினியில், வேறொரு இயங்குதளத்தில், வேறொரு மொழி அமைப்பில், விட்டு விட்டு வரும் இணைப்பில் ஓடப்போகிறது. நாம் சொல்லாமல் விட்டதை அந்தக் கணினி தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்ளும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் பைத்தானை வைத்து எழுதியவை, மற்ற மொழிகளிலும் சங்கதி கிட்டத்தட்ட இதேதான்.

என் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது, இன்னொருவர் விண்டோஸில் ஓட்டினால் யூனிகோட் டிகோட் எரர் வருகிறது. ஏன்?

ஓப்பன் ஃபங்ஷனுக்கு என்கோடிங் (எழுத்துகளை எந்த விதிப்படி பைட்டுகளாக எழுதுவது என்பது) எது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால்தான். சொல்லாவிட்டால் பைத்தான் அந்தக் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். லினக்ஸிலும் மேக்கிலும் அது அனேகமாக யூடிஎஃப்-8. விண்டோஸிலோ பல கணினிகளில் விண்டோஸ்-1252 போன்ற பழைய கோட் பேஜ், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பழைய அட்டவணை.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் நன்றாக நினைவில் நிற்கும். 'க' என்ற எழுத்து யூடிஎஃப்-8 ஃபைலில் மூன்று பைட்டாக இருக்கிறது: 224, 174, 149. இதையே விண்டோஸ்-1252 என்று நினைத்துப் படித்தால், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஒரு லத்தீன் எழுத்து, வட்டத்துக்குள் இருக்கும் பதிவு வணிகக்குறி, ஒரு கரும்புள்ளி என்று மூன்று தனித்தனி எழுத்துகள் கிடைக்கும். குப்பைதான், ஆனாலும் எரர் இல்லை. மெய்யெழுத்தின் மேலே வைக்கும் புள்ளிக்கு வாருங்கள். அதன் பைட்டுகள் 224, 175, 141. விண்டோஸ்-1252 அட்டவணையில் 141 என்ற இடத்தில் எந்த எழுத்தும் இல்லை, பைத்தான் அங்கேயே நின்றுவிடும். உகரக் குறியின் கடைசி பைட் 129, அந்த இடமும் காலி. புள்ளியும் உகரமும் இல்லாமல் நாலு வரி தமிழ் எழுத முடியாதே, அதனால்தான் தமிழ் ஃபைல் என்றாலே இந்த எரர் தவறாமல் வருகிறது. வெறும் ஆங்கிலம் மட்டும் இருக்கும் ஃபைலை வைத்து டெஸ்ட் எழுதியவருக்கு இது ஆயுசுக்கும் கண்ணில் படாது.

சரி, தீர்வு என்ன? ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும், படித்தாலும் எழுதினாலும், என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பைத்தானுக்கான மாற்றங்களை முன்மொழியும் பெப் ஆவணங்களில் 686-இன்படி பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8 தானாகவே இயல்புநிலையாகிறது, நல்ல மாற்றம். ஆனாலும் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளுக்கு இருப்பார்கள், அவர்களுக்காக எழுதித்தான் ஆக வேண்டும். எங்கெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க 3.10-இலிருந்து என்கோடிங் வார்னிங் என்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது, தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். ஒரு பழைய ரெப்போவை (திட்டத்தின் கோட் தொகுப்பை) எடுத்து அந்த எச்சரிக்கையை இயக்கிப் பாருங்கள், முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு (நம் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பதற்கு) வேண்டிய வேலை அதிலேயே கிடைத்துவிடும்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் ஏன் 5 என்று வருகிறது? எனக்கு மூன்று எழுத்துதானே தெரிகிறது?

நீங்கள் எண்ணுவது எழுத்தை. பைத்தான் எண்ணுவது, எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரம் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் குறியெண்களை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆக ஐந்து. டிஸ்கில் எண்ணினால் 15 பைட், ஏனென்றால் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 மூன்று பைட் எடுக்கும். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் இதை வடிவமைத்தபோது, ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்து அட்டவணையில் உள்ள 128 எழுத்துகளும் பழையபடி ஒரே பைட்டில் அப்படியே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதனால்தான் ஆங்கில உரையில் எழுத்து, குறியெண், பைட் என்ற மூன்று எண்ணிக்கையும் ஒன்றாக வந்து, எல்லாம் ஒன்றுதான் என்ற தவறான பழக்கத்தை நமக்குக் கொடுத்துவிடுகிறது.

நடைமுறையில் இது இரண்டு இடத்தில் கடிக்கும். தலைப்பை முதல் 20 குறியெண்ணோடு வெட்டிக் காட்டினால், கடைசி எழுத்தின் துணைக்குறி துண்டிக்கப்பட்டு 'மி' என்பது 'ம' ஆகிவிடும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் கெட் லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், நீங்களாக ஒரு பட்டியல் போட்டு எழுத வேண்டாம். இரண்டாவது இடம் நெட்வொர்க். அங்கே தரவு துண்டு துண்டாக வரும், ஒரு துண்டு எழுத்தின் நடுவிலேயே முடியலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக டிகோட் செய்தால் எப்போதோ ஒருமுறை மட்டும் உடையும், டெஸ்ட்டில் மாட்டவே மாட்டாத வகை பக் அது. கோடெக்ஸ் மாட்யூலில் உள்ள இன்கிரிமென்டல் டிகோடர் மிச்ச பைட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும்.

ஃபைலில் அந்தச் சொல் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. என்ன நடக்கிறது?

'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனிக் குறியெண் இருக்கிறது. அதே குறியை ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பைட் கணக்கில் வேறு வேறு. ஒருவருடைய கீபோர்ட் ஒரு விதமாக அனுப்பும், இன்னொருவருடைய கன்வெர்ட்டர் இன்னொரு விதமாக எழுதியிருக்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் ஒழுங்கு) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒரே ஃபங்ஷன்.

ஆனால் அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 'ஔ' வேண்டிய இடத்தில் ஒருவர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டிருந்தால் யூனிகோடைப் பொறுத்தவரை அது ஒகரமும் ளகரமும்தான், என்எஃப்சி அதைத் தொடாது. காலை முதலில் அடித்துக் கொம்பைப் பிறகு அடித்த உரையும் அப்படியே நிற்கும். அதற்கெல்லாம் தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்து எழுதிய விதிகள்தான் வேண்டும், தமிழ் லைப்ரரிகளில் நாம் கைகொடுக்க வேண்டிய வேலை இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. இன்னொன்று: தேடுவதற்காக நார்மலைஸ் செய்யுங்கள், பயனருடைய ஃபைலையே கேட்காமல் மாற்றி எழுதிவிடாதீர்கள். அவர் ஒரு சொல்லைத் திருத்தினால் கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் நானூறு வரி மாறியதாகக் காட்டும்.

யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் ஃபைல்களை என்ன செய்வது?

டிஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்காக இருந்தால் நல்ல செய்தி, லினக்ஸில் ஜிலிப்ஸி லைப்ரரியோடு வரும் ஐகான்வ் கருவிக்கே டிஸ்கி தெரியும், ஒரு வரியில் யூடிஎஃப்-8 ஆக்கிவிடலாம். பாமினி போன்ற ஃபான்ட்டில் அடித்தவை வேறு கதை. அந்த ஃபைலில் இருப்பது லத்தீன் எழுத்துகள், ஃபான்ட்தான் அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. எந்த ஃபான்ட் என்று தெரிந்துகொண்டு, அதற்கான மாற்று அட்டவணையைப் போட்டு, பிறகு ஒரு பக்கமாவது கண்ணால் படித்துப் பாருங்கள்.

சிஎஸ்வி ஃபைலின் முதல் நெடுவரிசையை மட்டும் பெயர் சொல்லி எடுக்க முடியவில்லை. கீ எரர் வருகிறது.

பாம் என்று சொல்லும், யூனிகோட் ஃபைல் என்று அடையாளம் காட்டும் மூன்று பைட் (239, 187, 191) ஃபைலின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அச்சிட்டுப் பார்த்தால்கூடத் தெரியாது. படிக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், பாம் இருந்தால் விழுங்கிவிடும், இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. எழுதும்போது, எக்செலில் திறக்கப்போகிற சிஎஸ்விக்கு மட்டும் பாம் போடுங்கள், இல்லையென்றால் எக்செல் தமிழைக் குதறிவிடும். நெட்வொர்க் வழியே அனுப்பும் ஜேசான் என்ற தரவு வடிவத்துக்குப் போடவே கூடாது, அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 8259 அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினேன், புல் ரிக்வெஸ்ட்டில் முழு ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது.

வரிமுடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 13, 10 என்று இரண்டு பைட்டால் முடிக்கும், லினக்ஸும் மேக்கும் 10 மட்டும். உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது எல்லா வரிக்கும் மாற்றிவிட்டது. ஒவ்வொருவரும் தன் கிட் அமைப்பைச் சரிசெய்யட்டும் என்று விடாமல், ரெப்போவிலேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் ஒன்றை வைத்துவிடுங்கள், எல்லாருக்கும் ஒரே விதி. ஷெல் ஸ்கிரிப்ட்டுகள் எப்போதும் லினக்ஸ் வரிமுடிவில் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எந்த இன்டர்ப்ரெட்டரால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியின் கடைசியில் அந்த 13 ஒட்டிக்கொண்டால், இன்டர்ப்ரெட்டரின் பெயரே மாறிப்போய், ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படி ஒன்று இல்லை' என்று ஸ்கிரிப்ட் சொல்லும். பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலுக்குக் கொடுக்கும் ஃபைலை மட்டும் நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் கொடுத்துத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு வெற்று வரி சேரும்.

பெரிய ஃபைலை எப்படிப் படிப்பது?

ரீட் (முழு ஃபைலையும் ஒரே அடியாகப் படிப்பது) வேண்டாம், ஃபார் லூப்பில் வரிவரியாக. அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: இடைவெளியெல்லாம் நீக்கிச் சுருக்கிய ஜேசான் ஃபைலில் மொத்தமும் ஒரே வரியாக இருக்கலாம், அங்கே வரிவரியாகப் படிப்பதும் முழுதாகப் படிப்பதும் ஒன்றுதான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது நிரல் நின்றுபோனால் பழைய ஃபைலாவது மிஞ்சுமா?

மிஞ்சாது. எழுதும் முறையில் ஃபைலைத் திறந்த அந்த நொடியிலேயே பழைய உள்ளடக்கம் போய்விடுகிறது, நீங்கள் ஒரு எழுத்துகூட எழுதியிருக்க வேண்டாம். பல மாதம் சேர்த்த ஒரு சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்த ஸ்கிரிப்ட் எழுதி, அதே ஃபைலில் திரும்ப எழுத வைத்திருந்தேன். நடுவில் பேட்டரி தீர்ந்தது, திரும்ப ஆன் செய்தபோது ஃபைல் பூஜ்யம் பைட். முந்தின நாள் கமிட் செய்திருந்ததால் ஒரு நாள் வேலையோடு போயிற்று. அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன்: அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைல், அதில் முழுதும் எழுதி, ஃப்ளஷ் செய்து, எஃப்சிங்க் கூப்பிட்டு (டிஸ்கில் உண்மையிலேயே எழுதவைத்து), கடைசியில் ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ். அந்தப் பெயர்மாற்றம் ஒரே அடியில் நடக்கும், மற்றவர்கள் பார்க்கும்போது பழையதோ புதியதோ முழுதாக இருக்கும். தற்காலிக ஃபைல் அதே ஃபோல்டரில் இருப்பது முக்கியம், வேறு டிஸ்கில் வைத்தால் இந்த உத்தரவாதம் கிடையாது.

ஃபைலை டவுன்லோட் செய்தேன், எரர் எதுவும் வரவில்லை, திறந்தால் உள்ளே 'பக்கம் கிடைக்கவில்லை' என்று எச்டிஎம்எல் இருக்கிறது.

சர்வர் 404 சொன்னது, நீங்கள் அதைக் கேட்கவில்லை. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் பொறுத்தவரை 404 என்பதும் ஒழுங்காக வந்து சேர்ந்த பதில்தான், ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் என்று கூப்பிட்டால்தான் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச்சும் அப்படியே, ஓகே என்ற பண்பை நீங்கள் பார்க்க வேண்டும். டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் வெளியிட்ட கர்ல் என்ற டவுன்லோட் கருவி இன்று எங்கும் பரவியிருக்கிறது, அதுவும் ஃபெயில் என்ற ஆப்ஷனைக் கொடுக்காவிட்டால் பிழைப் பக்கத்தைச் சமத்தாகச் சேமித்துவிட்டு வெற்றி என்று முடித்துக்கொள்ளும். இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டுகளில் இதைக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள். இன்னும் மோசமானது 200 (எல்லாம் சரி) என்று சொல்லிவிட்டு லாகின் பக்கத்தை அனுப்பும் சர்வர். ஜேசான் எதிர்பார்க்கும் இடத்தில் பதில் எந்த வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரையும் சரிபாருங்கள்.

வலைப்பக்கத்திலிருந்து எடுத்த தமிழ் மட்டும் ஏன் குப்பையாக வருகிறது? பிரவுசரில் சரியாகத் தெரிகிறதே.

பிரவுசர் எச்டிஎம்எல்லுக்குள் இருக்கும் மெட்டா குறிச்சொல்லைப் படித்து என்கோடிங்கைத் தெரிந்துகொள்கிறது. ரிக்வெஸ்ட்ஸ் அதைப் படிக்காது, ஹெடரை மட்டும்தான் பார்க்கும். ஹெடரில் உரை என்று இருந்து, என்கோடிங் பெயர் இல்லாவிட்டால், ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். பழைய எச்டிடிபி விதியிலிருந்து வந்த பழக்கம் அது. 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7231 அந்த விதியை நீக்கிவிட்டது, லைப்ரரி மட்டும் பழைய கோட் உடையக்கூடாது என்று வைத்திருக்கிறது.

முதல் கேள்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ்-1252-இல் காலி இடங்கள் இருந்ததால் எரர் வந்தது, எரிச்சலாக இருந்தாலும் எங்கே தவறு என்று தெரிந்தது. ஐஎஸ்ஓ-8859-1-இல் 256 பைட்டுக்கும் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது, அதனால் எரர் வரவே வராது, குப்பை சத்தமில்லாமல் டேட்டாபேஸ் வரை போய்ச் சேர்ந்துவிடும். டெக்ஸ்ட் என்ற பண்பைத் தொடுவதற்கு முன் என்கோடிங்கை நீங்களே யூடிஎஃப்-8 என்று வையுங்கள், அல்லது கன்டென்ட் என்ற பண்பிலிருந்து பைட்டுகளை எடுத்து எச்டிஎம்எல் பார்சரிடமே கொடுங்கள், அது மெட்டாவைப் படித்துக்கொள்ளும். ஏற்கெனவே குப்பையாகச் சேமித்துவிட்டீர்களா? மனம் தளர வேண்டாம். அந்தச் சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 ஆகத் திரும்ப என்கோட் செய்து, யூடிஎஃப்-8 ஆக டிகோட் செய்தால், இடையில் யாரும் 'சுத்தம்' செய்யாமல் இருந்தால், அச்சு அசலாகத் திரும்பிவிடும்.

டைம்அவுட் கொடுக்கத்தான் வேண்டுமா?

கொடுக்கத்தான் வேண்டும். ரிக்வெஸ்ட்ஸில் இயல்புநிலை டைம்அவுட் கிடையாது, சர்வர் பதிலே சொல்லாமல் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் நிரலும் காலவரையின்றிக் காத்திருக்கும். எச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியில் இயல்பாகவே 5 நொடி இருக்கிறது. இணைய ஒரு நேரம், படிக்க ஒரு நேரம் என்று இரண்டாகக் கொடுக்கலாம். படிக்கும் நேரம் என்பது முழு டவுன்லோடுக்குமான கெடு என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு பைட் வருகைக்கு இடையில் எவ்வளவு பொறுக்கலாம் என்பதுதான். சொட்டுச் சொட்டாக அனுப்பும் சர்வர் ஒரு மணி நேரம்கூட இழுக்கலாம், மொத்தக் கெடு வேண்டுமென்றால் நீங்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

தோற்றால் உடனே திரும்ப முயற்சி செய்யலாமா? எத்தனை முறை?

உடனே வேண்டாம். நீங்கள் ஒருவர் ஓட்டும் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் பரவாயில்லை, ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் நீங்கள் வைக்கும் இயல்புநிலை அத்தனை பயனருடைய கணினியிலும் ஓடும். ஏற்கெனவே திணறும் ஒரு சர்வரை எல்லாரும் ஒரே நொடியில் திரும்பத் தட்டினால் அது எழவே எழாது. 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலான கூடுதலைச் சேருங்கள், நாலைந்து முறையோடு நிறுத்துங்கள். 429 (கோரிக்கைகள் அதிகம்) அல்லது 503 (சேவை இப்போது இல்லை) வந்து, கூடவே ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் இருந்தால் அது சொல்வதுதான் வேதம். அதில் நொடிக்கணக்கும் வரலாம், முழுத் தேதியும் வரலாம், இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 404-ஐத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. சர்வருக்குத் தரவு அனுப்பி வேலை வாங்கும் போஸ்ட் ரிக்வெஸ்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்பாதீர்கள், முதல் முறையே சர்வர் வேலையை முடித்துவிட்டு பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம்.

அப்புறம், கேட்காமலே இருக்க முடியுமா என்று பாருங்கள். சர்வர் கொடுத்த ஈடேக்கை (அந்தப் பதிப்பின் அடையாளத்தை) சேமித்துவைத்து அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் அனுப்பினால், ஒன்றும் மாறாதபோது உள்ளடக்கமே இல்லாத ஒரு 304 வரும். இருவருக்கும் மிச்சம்.

யூசர்-ஏஜென்ட், ரோபோட்ஸ் ஃபைல் இதெல்லாம் சின்ன ஸ்கிரிப்ட்டுக்கும் தேவையா?

தேவை. திட்டத்தின் பெயர், பதிப்பு, தொடர்புகொள்ள ஒரு முகவரி, இவ்வளவும், நிரல் தன்னை யார் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட் ஹெடரில் இருக்கட்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா இதைக் கொள்கையாகவே கேட்கிறது, பொத்தாம்பொதுவான பெயரோடு வரும் நிரல்களைத் தடுக்கவும் செய்யும். சர்வரை நடத்துகிறவருக்குச் சிக்கல் வந்தால் தடை போடுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வழி இருக்க வேண்டாமா? எந்தப் பக்கங்களை நிரல்கள் எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் ஃபைல் 1994-இலிருந்து வழக்கத்தில் இருந்து, 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்று முறையான தரமாகவே ஆகிவிட்டது. அதைப் படிக்க பைத்தானோடே ஒரு மாட்யூல் வருகிறது.

சான்றிதழ் எரர் வருகிறது. வெரிஃபை என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகிவிடுகிறதே?

சரியாகவில்லை, யாரிடம் பேசுகிறோம் என்று பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். வழியில் யார் வேண்டுமானாலும் பதிலை மாற்றலாம். அலுவலகத்தின் சொந்தச் சான்றிதழ் என்றால் அந்த ஃபைலின் பாதையை வெரிஃபைக்குக் கொடுங்கள். ஃபால்ஸ் என்று வரும் புல் ரிக்வெஸ்ட்டை நான் ஏற்பதில்லை.

ஏபிஐ சாவியைத் தவறிப்போய் கமிட் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டில் நீக்கினால் போதுமா?

போதாது, வரலாற்றில் இருக்கும். புஷ் செய்திருந்தால் சாவி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை ரத்து செய்து புதியது வாங்குங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. புதியதை என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்.

இதையெல்லாம் டெஸ்ட் செய்வது எப்படி? டெஸ்ட் ஓடும்போது நெட் இருக்காதே.

இருக்கக் கூடாது. வெளி சர்வரைத் தொடும் டெஸ்ட், உங்கள் கோடில் தவறே இல்லாத நாளிலும் சிவப்பாகும், கொஞ்ச நாளில் யாரும் சிவப்பை மதிக்க மாட்டார்கள். ரெஸ்பான்ஸஸ் போன்ற லைப்ரரியால் போலிப் பதில் கொடுங்கள், அல்லது பைத்தானோடு வரும் சின்ன எச்டிடிபி சர்வரை டெஸ்ட்டுக்குள்ளேயே இயக்குங்கள். நல்ல பதிலை மட்டும் வைக்காமல் 404, ரிட்ரை-ஆஃப்டரோடு வரும் 429, என்கோடிங் சொல்லாத ஹெடர், எழுத்தின் நடுவில் வெட்டுப்படும் துண்டு எல்லாவற்றையும் வையுங்கள்.

ஃபைல் பக்கத்துக்கு, டெஸ்ட் ஃபோல்டரில் வேண்டுமென்றே வம்பான ஒரு சின்ன ஃபைலைப் போடுங்கள்: தொடக்கத்தில் பாம், புள்ளியும் உகரமும் உள்ள ஒரு தமிழ் வரி, 'கொ' இரண்டு விதமாகவும், நடுவில் ஒரு விண்டோஸ் வரிமுடிவு, கடைசி வரிக்கு வரிமுடிவே இல்லாமல். அந்த ஒரு ஃபைலை மட்டும் பைனரி என்று கிட்ஆட்ரிபியூட்ஸில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் குளோன் செய்யும்போது கிட்டே வரிமுடிவுகளையெல்லாம் சீராக்கிக் கொடுத்துவிடும்.